புழக்கடையில் எடுத்த ஆரத்தி

1959, ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

ஆளுங்கட்சிக்காகத் தேர்தலில் நிற்கும் என் பேரன் சுந்தரம் இன்று எங்கள் தெருவில் ஓட்டுக் கேட்டான். வீட்டுக்கு வீடு ஆரத்தி எடுத்தார்கள். வாசலெல்லாம் சிவப்புத் தண்ணீர். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் கன்றுக்குட்டியைத் தேடிக்கொண்டு புழக்கடைப் பக்கமாகப் போனேன். அங்கேயும் கதவுக்குக் கதவு சிவப்பாக ஈரம். கொல்லையில் யாராவது ஆரத்தி எடுப்பார்களா? பக்கத்து வீட்டு அஞ்சலையைப் பிடித்துக் கேட்டேன். சுந்தரத்தை எதிர்த்து நிற்கும் புதுக் கட்சிக்காரர் அந்த வழியாகத்தான் வந்து போனாராம்.

"வெளியூரான் ஒருத்தனையும் உள்ள வுடமாட்டேன், நம்ம நெலம் நமக்கேன்னு சொல்றாரு அத்த. எங்களுக்கும் நெலம் கைவுட்டுப் போயிடுமோன்னு பயந்தான்" என்றாள்.

"அப்ப வாசல்லயே எடுக்கறது? இன்னாத்துக்குடி ஒளியிறீங்க?"

"சுந்தரம் பாத்துட்டா? நாங்க தூக்கி வளத்த புள்ள. அது மொகம் வாடினா எங்களால தாங்க முடியுமா?"

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ராத்திரி சுந்தரம் நெற்றிப் பொட்டைக்கூட அழிக்காமல் சாப்பிட உட்கார்ந்தான். "ஆயா, தெருவே நம்ம பக்கம். ஒரு வூடு பாக்கியில்ல!" என்று சிரித்தான்.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். "இன்னும் கொஞ்சம் சோறு வெச்சிக்கடா" என்றேன்.

ஓட்டு எண்ணுகிற அன்றைக்கு நானும் போவேன். அவன் வெளியே வரும்போது முதலில் என் முகம்தான் அவன் கண்ணில் பட வேண்டும்.