ஒன்றரை மாதமாகக் குளிக்கவில்லை

ஆகஸ்ட் 18, 2025, திங்கள்

டெல்லியின் ஓரத்திலிருக்கும் நரேலாவிலிருந்து ஜங்புராவுக்கு வேலைக்குப் போக இன்று இரண்டே முக்கால் மணி நேரம். மதராசி கேம்ப் குடிசையில் இருந்தபோது பத்து நிமிடம் நடந்தால் வேலை வீடு. அங்கே சுகாதார வேலை பார்க்கும் ஆஷா அக்கா மாதம் பிறந்தால் கருத்தடை மாத்திரை அட்டையை வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போவார். கேம்ப்பை இடித்து எங்களை இந்த ஃபிளாட்டுக்கு அனுப்பினார்கள். ஆஷா அக்காவை அனுப்பவில்லை. ஜூனோடு அட்டை தீர்ந்தது.

தேதி தாண்டிப் பத்து நாள். மூக்கனிடம் சொன்னேன். "பாத்துக்கலாம்" என்றார். (புருஷன் பேரை எழுதினால் ஆயுசு குறையுமாம். டெல்லியில் பிறந்தவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அதனால் பரவாயில்லை.) என்னத்தைப் பார்ப்பார்? இரண்டு பிள்ளையும் வயிற்றைக் கிழித்து எடுத்தது. சின்னவள் பிறந்தபோதே டாக்டரம்மா விரலை ஆட்டிச் சொன்னார் - மூன்றாவது பிரசவம் உன் உயிருக்கு ஆபத்து என்று. எனக்கும் வேண்டாம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இங்குள்ள டிஸ்பென்சரிக்குப் போனேன். ஆண் டாக்டர். பாத்திரம், துணி, காய்கறிக்கெல்லாம் எனக்கு இந்தி தெரியும், உடம்புக்குத் தெரியாது. வரிசையில் நிற்கும்போதே வார்த்தையைக் கோத்து வைத்துக்கொண்டு, "டேட் மஹினே ஸே நஹாயா நஹீ" என்றேன். ஊரில் சொல்கிற மாதிரியே - ஒன்றரை மாசமாக் குளிக்கலை.

அவர் முகத்தைச் சுளித்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். கர்மி, பானி என்று வெயிலையும் தண்ணீரையும் பற்றி நீளமாக என்னவோ சொல்லிவிட்டு ஏதோ கேட்டார். "ஹாஞ்சி" என்றேன். எதைக் கேட்டாலும் ஹாஞ்சி, ஆமாங்க என்பது வேலை வீட்டுப் பழக்கம். பத்து மாத்திரையும் ஒரு டியூபும் கொடுத்தார்.

இவ்வளவு சுலபமா? போட்டால் வந்துவிடும் போல. டியூப் எதற்கென்று தெரியவில்லை. வயிற்றில் தடவிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 27

வரவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

மாத்திரை தீர்ந்தது. வரவில்லை. வேலை வீட்டில் பூண்டு வாசனைக்கே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். மேம்சாப் ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் செத்துட்டா இந்த ரெண்டும் யாரை அம்மான்னு கூப்பிடும்? மூக்கன் டிவி பாக்குறார். பாத்துக்கலாமாம்!

செப்டம்பர் 8, திங்கள்

வேலை பார்க்கும் இரண்டு வீட்டுக்கும் லீவு சொல்லிவிட்டு, சின்னவள் பிறந்த பெரிய ஆஸ்பத்திரிக்கே போனேன். அங்கே சிஸ்டர் ப்ரசன்னா, மலையாளி. டிஸ்பென்சரி சீட்டைப் பார்த்துவிட்டு, "இது சொறிக்குள்ள மருந்தல்லே? எங்க சொறியுது?" என்றார்.

"சொறி இல்ல சிஸ்டர். ரெண்டு மாசமாக் குளிக்கல. அதத்தான் சொன்னேன்."

சீட்டைக் கீழே வைத்தார். "குளி தெற்றியோ!" அவர் ஊரிலும் மாதவிலக்கு தள்ளிப்போனால் இதே பேச்சுதானாம். டாக்டரிடம் இந்தியில் என்ன சொன்னாய் என்று கேட்டார். சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் அழுகையாகிவிட்டது. பதினெட்டு நாள்! அந்த ஆள் என்னைக் குளிக்காத நாத்தம் புடிச்சவள்னு நெனச்சிருக்கான். நானும் தெனம் சொறி மருந்த வயித்துல தடவிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

ஸ்கேனில் எட்டரை வாரம். ஒன்பது தாண்டினால் மாத்திரையில் கலைக்க முடியாது என்றார் டாக்டரம்மா. கவுன்ட்டர் ஆள் புருஷன் கையெழுத்து கேட்டார். சிஸ்டர் எழுந்து வந்து அவரை இந்தியில் ஒரு பிடி பிடித்துவிட்டு, "பதினெட்டு வயசு கழிஞ்சவளல்லே? உன் ஒப்பு மதி" என்று பேனாவை என்னிடம் நீட்டினார். என் கையெழுத்தே போதுமாம். போட்டேன். தமிழில்.

முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கினேன்.

செப்டம்பர் 10, புதன்

இரண்டாவது மாத்திரை. இரண்டு ஆபரேஷன் ஆன வயிறு என்பதால் படுக்க வைத்தே கொடுத்தார்கள். நல்ல வலி. மூக்கன் காலை முதல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலத்துக்குள் முடிந்தது. பாவமோ என்று யோசித்துப் பார்த்தேன். பயம் போனதுதான் தெரிந்தது.

செப்டம்பர் 24, புதன்

மறு ஸ்கேன். ஒன்றும் மிச்சமில்லை. சிஸ்டர் மூக்கனைத் தனியாகக் கூப்பிட்டு, ஆண்களுக்குச் செய்யும் கருத்தடை ஆபரேஷன் பத்து நிமிட வேலை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார். இவர் தலையை ஆட்டி, ஹாஞ்சி, ஹாஞ்சி என்றார். பஸ்ஸில் ஏறியதும், "எனக்குப் பயமா இருக்கு பிரபா."

"ரெண்டு தடவ வயித்தக் கிழிச்சுக்கிட்டவகிட்டயா மாமா சொல்ற?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபமா, யோசனையா - தெரியவில்லை.

அக்டோபர் 11, சனி

மூக்கன் ஆபரேஷன் செய்துகொண்டு வந்து மகாராஜா மாதிரி படுத்திருக்கிறார். "பிரபா, டீ." "பிரபா, தலகாணிய ஒசத்தி வை." இன்னும் மூன்று மாதம் ஜாக்கிரதை வேண்டும் என்று சிஸ்டர் ஒரு பை நிறைய ஆணுறை கொடுத்திருக்கிறார். பிள்ளைகள் கையில் படாமல் துணிக்கு அடியில் வைத்தேன்.

டீ கொடுத்துவிட்டு நானும் பக்கத்தில் படுத்தேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் சுவர்ப் பக்கம் திரும்பாமல் படுக்கிறேன்.