அப்பா இல்லாத பிள்ளை

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் பள்ளிக்கூடத்திலிருந்து போன். சலவைக்கூடத்து இரைச்சலில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே இருந்திருக்கலாம். என் மகள், பக்கத்துப் பெஞ்சுப் பெண்ணின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி, தரையில் போட்டு மிதித்திருக்கிறாள். ஓட்டல் விரிப்புகளை அப்படியே போட்டுவிட்டு ஈரக் கையோடு ஓடினேன்.

எப்போதும் சொல்வதைத்தான் சொன்னேன். "அப்பா இல்லாத பிள்ளை டீச்சர், இந்த ஒரு தடவை விட்டுடுங்க." தலைமை ஆசிரியை பெருமூச்சு விட்டார். "பாவம்னுதான் இத்தனை நாளா பொறுத்துக்கிட்டோம். இனி ஒண்ணு நடந்தா பேரை எடுத்துடுவோம்."

வீடு வரும்வரை பத்தடி முன்னாலேயே நடந்தாள். பதினாலு வயது. நடை மட்டும் அப்படியே அவர் நடை.

மார்ச் 5

ஏன் மிதித்தாய் என்று கேட்டேன். "சும்மா" என்கிறாள். சும்மா யாராவது மிதிப்பார்களா?

மார்ச் 7, வெள்ளி

ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். நாத்தனார், "செல்போன்தான் அண்ணி, பிடுங்கி வைங்க" என்கிறாள். அவள் மகன் முகத்தை நான் பார்த்து வருஷமாகிறது; உச்சந்தலைதான் தெரியும். என் அண்ணனுக்கு வேறு வைத்தியம். "நாலு சாத்து சாத்து, தானா வழிக்கு வரும்." அவர் பெற்றது இரண்டும் சாத்து வாங்கி வளர்ந்ததுதான். ஒன்று வழிக்கு வந்தது. இன்னொன்று வீட்டுக்கே வருவதில்லை.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் பேசவென்று வைத்திருக்கும் பெண் என்னையும் உட்காரவைத்துக் கேட்டாள். வீட்டில் யாராவது குடிப்பார்களா? அடிப்பார்களா? கூட்டாளிகள் எப்படி? எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றேன். "அப்போ துக்கம்தாம்மா. அது கோபமா வெளிய வருது."

துக்கம் எனக்கும்தானே இருக்கு? நான் யார் கண்ணாடியை மிதிச்சேன்?

மார்ச் 11

அவர் ஓட்டிய பஸ் வந்தது. வேறு யாரோ ஓட்டுகிறார்கள். நெஞ்சு வலிக்கும்போதும் வண்டியை ஓரங்கட்டி, எல்லாரையும் இறக்கிவிட்டு, பிறகுதான் ஸ்டியரிங்மேல் சாய்ந்தாராம். ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் போனேன்.

மார்ச் 14, வெள்ளி

கண்ணாடிப் பெண் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். வாசலிலேயே அழுதுவிட்டேன். அப்பா இல்லாத பிள்ளைங்க, மனசுல வச்சுக்காதீங்க என்றேன். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது.

"எங்க பொண்ணு ஒண்ணும் பண்ணலைங்க. அன்பா நடந்துக்கோங்கன்னு டீச்சர் சொன்னாங்களாம். தன் சாப்பாட்டை எடுத்து வச்சு, 'பாவம்ப்பா நீ, சாப்பிடு'ன்னிருக்கா. அதுக்குப் போய் மிதிப்பாங்களா?"

எனக்கும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து, போய்வந்ததைச் சொன்னேன். இவள் கதவை அறைந்த வேகத்தில் சுவர்க் கடிகாரம் ஆடியது. "இன்னும் எத்தனை பேர்கிட்டதான் சொல்லுவே? அப்பா செத்ததைக் காட்டிக் காட்டி மன்னிப்பு வாங்குறியே, வெக்கமா இல்ல?"

அறைஞ்சிட்டேன். கை இன்னும் எரியுது. என்ன பேச்சு பேசிட்டா! யாருக்காகப் போய் கண்டவங்க வாசல்ல நின்னேன் நான்?

மார்ச் 19, புதன்

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அவர் போனதிலிருந்து என்னைப் பெரிய மிஷினில் விடுவதில்லை. விரிப்பைச் சூட்டு உருளையில் கொடுத்து எடுக்கிற வேலை. என்னைப்போல் அதை இழுக்க அங்கே ஆள் கிடையாது. இப்போது உட்கார்ந்து துண்டு மடிக்கச் சொல்கிறார்கள். நான் உள்ளே போனால் சிரிப்பு நின்றுவிடுகிறது. லவுட்ஸ்பீக்கர் என்று நாங்கள் கூப்பிடுகிறவள்கூட என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்துகிறாள்.

இன்று, மிஷினுக்கு நான் வருகிறேன் என்றேன். லவுட்ஸ்பீக்கர் என் தோளைத் தொட்டு, "நீ பாவம் அக்கா, போய் உக்காரு, நாங்க பாத்துக்கறோம்" என்றாள். எங்கிருந்து வந்ததோ — துண்டு வண்டியை எட்டி உதைத்தேன். குடைசாய்ந்தது. "செத்தது அவரு! நான் இல்ல!" என்று கத்தினேன்.

அதற்கும் யாரும் திட்டவில்லை. ஒரு சட்டைப் பொத்தான் போனதற்கே ஊரைக் கூட்டுகிற சூப்பர்வைசர், வாய் பேசாமல் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். ஒருத்தராவது திட்டித் தொலைக்கக் கூடாதா என்று இருந்தது.

பஸ்ஸில் வரும்போதுதான் அந்த மூக்குக்கண்ணாடி ஞாபகம் வந்தது. சாப்பிடு, பாவம்ப்பா நீ. இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

மார்ச் 21, வெள்ளி

நடந்துவிட்டது. வீட்டுப்பாடம் எழுதாத எல்லாரையும் வாத்தியார் எழுப்பி நிறுத்தியிருக்கிறார். இவளிடம் மட்டும், "நீ உக்காரும்மா, பரவாயில்ல." நாற்காலியைத் தூக்கி எறிந்துவிட்டாள். ஜன்னல் போயிற்று.

தலைமை ஆசிரியை முன்னால் நின்றேன். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. இவள் தரையைப் பார்த்துக்கொண்டு, அதற்காகவே காத்திருந்ததுபோல் பல்லைக் கடித்திருந்தாள். விழுங்கினேன்.

"பண்ணது தப்பு டீச்சர். பேரை எடுக்கணும்னா எடுங்க. ஆனா இதுவரைக்கும் இவளுக்கு ஒரு தண்டனைகூட நீங்க குடுக்கல. குடுக்க விடாம பண்ணதும் நான்தான். மத்த பிள்ளைங்களுக்கு என்னவோ அதை ஒரு தடவை குடுத்துப் பாருங்க."

அந்த அம்மா பெருமூச்சு விடவில்லை. கோபப்பட்டார். நன்றாகவே கோபப்பட்டார். இரண்டு வாரத்துக்கு, தினமும் பள்ளி விட்ட பிறகு வகுப்புகளைப் பெருக்கவேண்டும். கண்ணாடிப் பெண்ணிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கவேண்டும். அப்புறமும் கை நீட்டினால் பேச்சே கிடையாது.

திரும்பும்போது பத்தடி முன்னால் போகவில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் நடந்தாள். என்ன அர்த்தமோ, அவளுக்கே வெளிச்சம்.

மார்ச் 25

பெரிய மிஷினைக் கேட்டு வாங்கிவிட்டேன். தோள் கழன்றுவிடும்போல் வலி. லவுட்ஸ்பீக்கர், "துண்டு வண்டியை ஓரமா வைங்கடி, ராணியம்மா வராங்க!" என்று கூடமே அதிரக் கத்தினாள்.

ராத்திரி அவர் பக்கத்துத் தலையணையைப் பார்த்து அழுதேன். அந்தத் துக்கம் அப்படியேதான் இருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

தலையெல்லாம் தூசியோடு வந்தாள். டீயைக் குடித்துக்கொண்டே, "அந்தக் கண்ணாடிக்காரி இன்னிக்கு என்னை எருமைன்னு சொன்னா" என்றாள்.

"நீ என்னடி பண்ணே?"

"பெருக்கின தூசி அவ பையில விழுந்துடுச்சு. எருமை, கண்ணு தெரியலியாங்கறா. அவளே புதுக் கண்ணாடி போட்டுக்கிட்டு!"

"அடிச்சியா?"

"எதுக்கு? எருமைன்னுதானே சொன்னா." வாயைப் புறங்கையால் துடைத்தாள். டீயைத் துடைத்தாளா, சிரிப்பைத் துடைத்தாளா, தெரியவில்லை.

டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

"ஏய் எருமை, இதை யாரு கழுவுவா?" என்று கத்தினேன்.

முணுமுணுத்துக்கொண்டே வந்து கழுவினாள்.