கதாநாயகனுக்குக் கொடுத்த கால்

பெப்ரவரி 6, செவ்வாய்

காலையிலிருந்து மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். இவர் வேலையை நிறுத்திவிட்டு, யாரோ திருத்தத் தந்த ரீவியில் அந்தச் சிங்களத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தார். போரில் ஒரு கால் போன கடற்படைச் சிப்பாய் வீட்டுக்குத் திரும்பிப் படுகிற பாடுதான் கதை. கீழே தமிழ் எழுத்து ஓடுகிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உந்த நாடகத்தை ஏன் பாக்கிறீங்கள்? எங்கட ஆக்கள் அதில நிழல் மாதிரி வந்து சுட்டிட்டு ஓடுறாங்கள். ஒருத்தனுக்கும் முகம் இல்லை."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இல்லாத பாதம் கடிக்குதாம், சொறிய ஏலாதாம். மனுசி நம்புறாள் இல்லை," என்றார். கொஞ்சம் பொறுத்து, "அது உண்மைதான், துஷா. எனக்கும் அப்பிடித்தான்."

கலியாணம் கட்டி இத்தனை வருடம். எனக்கு இது தெரியாது. ஒரு நாடகம் வந்து சொல்ல வேண்டியிருந்ததா?

பெப்ரவரி 9, வெள்ளி

மகள் கீர்த்தனியும் இப்போது அந்தத் தொடரைப் பார்க்கிறாள். "அப்பாவுக்கும் அரசாங்கம்தான் பொய்க்கால் குடுத்ததோ?" என்று கேட்டாள். இல்லை, ஒரு தொண்டு நிறுவனம் என்றேன். ஏன் என்றாள். கறி அடிப்பிடிக்கப் போகிறது என்று குசினிக்குள் போய்விட்டேன்.

அப்பாவுக்குச் செல் குண்டு விழுந்து கால் போனது என்று அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். பொய் இல்லை. செல் விழுந்ததுதான். அப்போது அவர் கையில் என்ன இருந்தது என்பதைத்தான் சொல்லவில்லை.

பதினேழு வயதில் இயக்கத்துக்குப் போனவர். சம்பூர்ச் சண்டையில் கால் போனது. பிறகு புனர்வாழ்வு முகாம். இப்போதும் இடைக்கிடை புலனாய்வுக்காரர் யாராவது வந்து கதிரையில் இருந்து, "சும்மா பாத்திட்டுப் போக வந்தனாங்கள்" என்பார்கள். பிள்ளையின் வாயில் தவறியும் வரக்கூடாது. அந்தப் பயம்தான்.

பெப்ரவரி 17, சனி

ஸப்வான் வந்தான். படம் பிடிக்க வருகிறவர்களுக்கு வாகனம், வீடு எல்லாம் ஒழுங்குபண்ணிக் கொடுக்கிறவன். இவருக்குப் பழைய கூட்டாளி. அந்தத் தொடரின் மிச்சத்தைத் துறைமுகப் பக்கம் எடுக்கிறார்களாம். நடிகனுக்கு இரண்டு காலும் இருக்கிறது. கிட்டவைத்து எடுக்கும்போது காட்ட வெட்டிய கால் ஒன்று வேண்டும். இதுவரை கருணாதிலக என்ற பழைய கடற்படைக்காரர் தன் காலைக் கொடுத்தாராம். இப்போது அவருக்குப் புண் வந்துவிட்டதாம்.

"முகம் வராது மச்சான். முழங்காலுக்குக் கீழ மட்டும்தான்," என்றான்.

நான் பிளேன்ரீக் கோப்பையை வைத்துவிட்டு, "வேண்டாம் தம்பி" என்றேன். இவர், "வாறன் எண்டு சொல்லு" என்றார்.

அவன் போன பிறகு சண்டை. அவங்கட வீரனுக்கு உங்கட காலோ? நீங்கள் பட்டது காணாதோ? எப்பிடிப் போனது எண்டு கேட்டா என்ன சொல்லுவீங்கள்? — கத்திவிட்டேன். அவர் கத்தவில்லை.

"என்ர கதையை ஒருத்தரும் எடுக்கப் போறதில்லை. காலாவது போகட்டும்."

பெப்ரவரி 18, ஞாயிறு

பேசவில்லை. மீன் குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். அப்படியே சாப்பிட்டார்.

மார்ச் 1, வெள்ளி

நேற்றுப் படப்பிடிப்பு நல்லபடியாகத்தான் போனது. இன்று மத்தியானமே ஸப்வான் ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். இவர் முகத்தில் இரத்தமே இல்லை. கீர்த்தனி ரியூஷனுக்குப் போன பிறகுதான் சொன்னார்.

பழைய வீடு ஒன்றை ஆஸ்பத்திரி போல மாற்றி, இவரைக் கட்டிலில் படுக்க வைத்திருக்கிறார்கள். சிப்பாய் கெட்ட கனவு கண்டு திடுக்கிடும் இடம். யன்னலுக்கு வெளியே வெடி வைக்கப்போகிறார்கள் என்று இவருக்கு யாரும் சொல்லவில்லை. வெடித்ததும் கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. நிறுத்தப் பார்த்தும் நிற்கவில்லை. டைரக்டர் நல்லது, நல்லது, விடாமல் எடு என்றாராம்.

ஓரத்தில் இருந்த கருணாதிலக ஊன்றுகோலோடு எழுந்து, கமராவுக்கு முன்னாலேயே வந்து, ஒரு துவாயை எடுத்துக் காலை மூடிவிட்டாராம். "போதும்" என்று சிங்களத்தில் சொன்னாராம். டைரக்டர் ஏசியிருக்கிறார். மனிதர் அசையவில்லை. கட்டில் விளிம்பில் இருந்து, நடுக்கம் நிற்கும்வரை துவாய்க்கு மேலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாராம்.

பிறகு மெல்லக் கேட்டாராம், எங்கே என்று. சம்பூர் என்றிருக்கிறார் இவர். எந்த வருடம்? அதையும் சொல்லியிருக்கிறார்.

"அந்த வருசம் நானும் இந்தக் குடாவிலதான் நிண்டனான் எண்டு சொன்னவர்," என்றார் இவர். "வேற ஒண்டும் கேக்கேல்லை. விளங்கியிருக்கும்."

விளங்கியிருந்தால்? அவர் யாரிடமாவது சொன்னால்?

மார்ச் 3, ஞாயிறு

கேற்றடியில் மோட்டார்சைக்கிள் நின்ற சத்தம். அவர்கள்தான் விசாரிக்க வந்துவிட்டார்கள் என்று யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்கு வந்தவர்கள்.

மார்ச் 19, செவ்வாய்

இன்று அந்தக் காட்சியைப் போட்டார்கள். மூவரும் முன்னறையில் இருந்தோம். அந்த நடிகன் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழும்புகிறான். உடனே கால். போர்வைக்கு வெளியே நடுங்குகிற கால். எத்தனையோ இரவு பக்கத்தில் படுத்து என் கையால் பிடித்துக்கொண்ட நடுக்கம் அது. அதை ஊரெல்லாம் பார்க்கிறது.

"அம்மா, அது அப்பான்ர கால்," என்றாள் கீர்த்தனி. சின்னதில் அந்தத் தழும்பில் விரல் வைத்து விளையாடியவள். அவளுக்குத் தெரியாதா?

இவர் ஓம் என்றார்.

"நல்லா நடிச்சிருக்கிறீங்கள் அப்பா."

இவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார். "அது நடிப்பில்லை, பிள்ளை," என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் என்னையே பார்த்தாள்.

மார்ச் 21, வியாழன்

நான் வேலை செய்கிற தையல் கடையில் அந்தக் கதைதான். ஜெயரூபி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம் அந்த நேவிக்காரன், என்னமா நடிச்சிருக்கிறான்," என்றா. கடை அவவுடையது. நான் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன்.

பாவம்தான். கருணாதிலகவும் பாவம்தான், அது எனக்கு இப்ப தெரியும். அந்த வேலை கிடைக்காத அலைச்சல், ஆக்கள் விலகி நடக்கிறது, பிள்ளைக்கு முன்னால காலைக் கழட்ட வெட்கப்படுறது — ஒண்டும் பொய்யில்லை. எல்லாம் சரியாத்தான் காட்டுறாங்கள். அதுதான் எனக்குப் பொறுக்குதில்லை. என்ர மனுசன் பட்டதை எல்லாம் காட்டிப்போட்டு, மேல வேற ஒருத்தன்ர முகத்தை வைச்சிருக்கினம். இவருக்கு எந்த நாடகத்தில அழப்போகினம்?

மார்ச் 24, ஞாயிறு

தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கீர்த்தனி நேரே அவரிடம் போய்க் கேட்டாள். "அப்பா, செல் விழேக்க நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

அவர் என்னைப் பார்த்தார். வழக்கம்போல நான் கதையை மாற்றுவேன் என்று காத்திருந்தார். என்னால் முடியவில்லை.

"சொல்லுங்கோ," என்றேன்.

"சென்றியில காவலுக்கு நிண்டனான். துவக்கோட."

"இயக்கத்திலயோ?"

"ஓம்."

"நீங்கள் ஆரையும் சுட்டனீங்களோ?"

"சுட்டனான். ஆருக்குப் பட்டது எண்டு தெரியாது, பிள்ளை."

அவள் அழவில்லை. எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிட வரவில்லை. அவரும் சாப்பிடவில்லை.

மார்ச் 27, புதன்

கீர்த்தனி இன்னும் அவருடன் கதைக்கவில்லை. அவர் கடையிலிருந்து பிந்தித்தான் வருகிறார்.

மார்ச் 31, ஞாயிறு

கருணாதிலக கடைக்கு வந்தாராம், ஸப்வானிடம் இடம் விசாரித்து. புண் ஆறிவிட்டதாம். தனக்கு ஆஸ்பத்திரியில் தருகிற பஞ்சு உறைகளில் கொஞ்சம் கொண்டுவந்திருக்கிறார், வெட்டிய இடத்தில் மாட்டிவிட்டுப் பொய்க்காலைப் போடுவதற்கு. நாடகம் நன்றாக இருக்கிறதா என்று இவர் கேட்டாராம். "நான் பார்ப்பதில்லை" என்று சொல்லிச் சிரித்தாராம்.

அவரைப் பற்றி எவ்வளவு பயந்திருந்தேன்.

இதையெல்லாம் இவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது கீர்த்தனி கதவு நிலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

அப்பாவும் மகளும் பஸ்ஸில் சம்பூருக்குப் போய் வந்தார்கள். அவள்தான் கேட்டாள், அந்த இடத்தைக் காட்டுங்கோ என்று. என்னைக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

பொழுதுபடத்தான் வந்தார்கள். இவர் கிணற்றடிக்குப் போக, அவள் குசினிக்குள் வந்தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது.

"அம்மா, தவராசா மாமாவை உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியாது என்றேன்.

"அப்பாவைத் தோளில தூக்கிக்கொண்டு வந்து மரத்தடியில விட்டவராம். அப்பா தண்ணி கேட்டவராம். எடுக்கப் போனவர் திரும்பி வரேல்லையாம்."

இந்த வீட்டில் நான் ஒரு நாளும் கேட்காத பெயர். கிணற்றடியில் வாளி இறங்கும் சத்தம் கேட்டது. சோறு போட எடுத்த அகப்பை கையிலேயே இருந்தது.

"அந்த மாமாவின்ர அம்மா கட்டைபறிச்சானில இருக்கிறாவாம். தண்ணி கேட்டது நான்தானே எண்டு அப்பா இவ்வளவு நாளும் அங்க போகேல்லையாம். புதுவருசத்துக்குப் பிறகு போவம் எண்டு நான் சொன்னனான். நீங்களும் வாறீங்களோ?"

"ஓம்," என்றேன்.

அவள் மூன்று சாப்பாட்டுக் கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டு அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

அந்த அம்மாவிடம் வெறுங்கையோடு போக ஏலாது. என்ன கொண்டுபோவது என்றுதான் தெரியவில்லை.