பங்கு இல்லாத நிலம்

பகுரிசால்,
3 ஜூன் 2012

அன்புத் தம்பி டெல்ஃபீனோவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். சாவோ பாலோ குளிரில் உன் இருமல் தேவலையா? மரவள்ளி மாவு வறுத்து அனுப்பியிருக்கிறேன். வழக்கம்போல ஊருக்கெல்லாம் வாரிக் கொடுத்துவிடாதே.

தப்பி வந்த அடிமைகள் உண்டாக்கிய ஊர் நம்முடையது என்று ஏற்று, நிலம் முழுவதையும் நம் சங்கத்தின் பெயருக்கே அரசு எழுதித் தரப்போகிறது. ஆகஸ்டில் விசாரணை. சங்கத் தலைவி என்று சொல்லி என்னை நாயாய் அலைய வைக்கிறார்கள்.

பக்கத்துப் பண்ணைக்காரர் உன் கையெழுத்து போட்ட தாள் ஒன்றைக் காட்டித் திரிகிறாராம். "என் தம்பியா? அவன் செய்யவே மாட்டான்!" என்று கூட்டத்தில் சண்டை போட்டேன். இல்லை என்று ஒரு வரி எழுது.

உன் அக்கா,
சுல்மிரா

சாவோ பாலோ,
1 ஜூலை 2012

அன்புள்ள அக்கா,

திட்டாதே. கையெழுத்து என்னுடையதுதான். குழந்தை ரொசில்டாவின் இதய ஆபரேஷனுக்குப் பணம் புரட்ட வேறு வழி தெரியவில்லை. பண்ணைக்காரரின் வக்கீல் வீடு தேடி வந்து, "உன் பங்கைத்தானேப்பா குடுக்கிறே? மத்தவங்களுக்கு என்ன நஷ்டம்?" என்றார். இங்கே வந்து இருபது வருஷம். நம் ஊரில் யாருக்கும் தனிப் பங்கே கிடையாது என்பது மறந்துபோனது. ஓடைக்கரையில் நம் குடும்பம் பண்ணைக்காரரின் தாத்தாவிடம் குத்தகைக்கு இருந்ததாக உள்ளே எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை.

விசாரணைக்கு நானே வந்து அது பொய் என்று சொல்கிறேன். சத்தியம்.

உன் தம்பி,
டெல்ஃபீனோ

பகுரிசால்,
3 நவம்பர் 2013

டெல்ஃபீனோவுக்கு,

போன வருஷம் விசாரணையின்போது உனக்காகப் பேருந்து நிறுத்தத்தில் மூன்று நாள் நின்றேன். பிறகுதான், வழக்குப் போடுவதாக வக்கீல் மிரட்டினார், பயந்துவிட்டேன் என்ற உன் இரண்டு வரி வந்தது. நான் ஒருத்தி பேசினேன். தாள் பேசியதைத்தான் கேட்டார்கள்.

நிலப் பத்திரம் வந்துவிட்டது. ஓடைக்கரை மட்டும் அதில் இல்லை. அம்மாவைப் புதைத்த கல்லறைத் தோட்டமும் அதோடு பண்ணைக்காரரிடம் போயிற்று. நேற்று கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்திகளை வேலிக்கு இந்தப் பக்கமே ஏற்றினோம். "உங்கம்மாவப் பாக்க அவன்கிட்ட அனுமதி கேக்கணுமாடி?" என்று பக்கத்து வீட்டு ஜனுவாரியா அழுதாள். உனக்காக இந்த வாயால் சண்டை போட்டதை நினைத்தேன். வெட்கமாக இருந்தது.

ஊர்ப் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுக்க வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டார்கள். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். முதலில் கை தூக்கியது நான்தான். இனி உனக்கு இங்கே வீடு கட்ட இடமில்லை, புதைக்கவும் இடமில்லை.

குழந்தை பிழைத்துக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன். அன்று முழுக்க அழுதேன். அவளுக்கு என் முத்தம்.

தீர்மானத்தின் நகல் இத்துடன் இருக்கிறது.

சுல்மிரா,
தலைவி, பகுரிசால் ஊர்ச் சங்கம்