விரல் பிரியும் வாரம்

ஜூன் 3, 2013, திங்கள்

காலையிலேயே அனல். லேபுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டேன். படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோ. எதிரில் உட்கார்ந்திருந்தவருக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லை. ஏதோ கம்பெனியில் பிரஸ் மெஷினில் போயிருக்கும். மண்ணூர் வரும்வரை அதையே வெறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். மனிதர் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். சே.

கேஸ் புக் பண்ண வேண்டும். இரும்பு மாத்திரை, எலுமிச்சம்பழம்.

ஜூன் 5, புதன்

லேபில் எங்கள் ஹெட் மேடம் மைக்ரோஸ்கோப்பை விட்டு எழவே இல்லை. முட்டைக்குள் வளரும் கோழிக்குஞ்சின் கால் விரல்களுக்கு நடுவே சவ்வு அப்படியே இருக்கிறது, வாத்துக் கால் மாதிரி. நடுவிலுள்ள செல்கள் தாமாகச் செத்தால்தான் விரல் பிரியும். எங்கள் மருந்து அந்தச் சாவைத் தடுத்துவிட்டது. பிஎச்.டி. முடித்து இங்கே போஸ்ட்டாக் ஆராய்ச்சிக்கு வந்ததிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் நல்ல ரிசல்ட்.

“கங்கிராட்ஸ் சுமதி! பேப்பர் எழுத ஆரம்பிச்சிடு.”

சிரித்தேன். பாத்ரூமுக்குப் போய் வாந்தி.

மனிதக் குழந்தைக்கும் இதே கணக்குதான். மார்ச்சில் கையுறை கிழிந்து இந்த மருந்து என் உள்ளங்கையில் பட்டது. கழுவிவிட்டு மறந்துபோனேன். வயிற்றில் குழந்தை இருப்பதே அப்போது தெரியாது. பிறகு நாள் எண்ணிப் பார்த்தால், அதுதான் விரல் பிரியும் வாரம்.

ஜூன் 6, வியாழன்

மேடத்திடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். “இது தோல்ல பட்டா உடம்புக்குள்ள போகுமா மேடம்?”

“யாரும் டெஸ்ட் பண்ணிப் பார்த்ததில்ல. ஏன்?”

“சும்மா.”

சாயந்திரம் வீட்டில் கரண்ட் இல்லை. வீட்டுக்கார அம்மா: “இன்னாம்மா, மொகம் வாடிக்கினு கீது? வேளாவேளைக்குத் துன்னு.”

ஜூன் 8, சனி

இவர் டிபன் சாப்பிட்டுக்கொண்டே, “ஏட்டி, தூக்கத்துல என் கையப் புடிச்சி விரல எண்ணிக்கிட்டு கெடக்க, என்னாச்சி?” என்றார்.

கனவு என்றேன். சொன்னால் வேலையை விடச் சொல்வார். ஒரகடம் லாரி கம்பெனியில் இவருக்கு இன்னும் பெர்மனன்ட் ஆகவில்லை. அது மட்டுமில்லை, வாயால் சொல்லிவிட்டால் உண்மையாகிவிடுமோ என்று பயம். பிஎச்.டி. படித்தவளின் புத்தி!

ஜூன் 10, திங்கள்

ஸ்கேன். இவர் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்தார். இதயம், முதுகெலும்பு, உதடு எல்லாம் நார்மல்.

“கை, டாக்டர்?”

“ரெண்டையும் மூடிக்கிட்டு இருக்கு. கொஞ்சம் நடந்துட்டு, ஜூஸ் குடிச்சிட்டு வாங்க.”

வெயிலில் நடந்தேன். மாம்பழ ஜூஸ். திரும்பப் படுத்தேன். ஒரு கை மெல்ல விரிந்தது. ஐந்து விரல், தனித்தனியாக. இவர் அழுதுவிட்டார்.

“இன்னொரு கை?”

“கன்னத்துக்கு அடியில வச்சிருக்கும்மா. ஒண்ணு சரின்னா அதுவும் சரியாத்தான் இருக்கும். கவலைப்படாதீங்க.”

இவர் வெளியே நின்று ஊருக்குப் போன் பேசுகிறார். “வெரலெல்லாம் அஞ்சஞ்சு இருக்கும்மா, நல்லாருக்கு.”

லேபில் நாங்கள் குஞ்சின் ஒரு காலில்தான் மருந்து வைப்போம். ஒப்பிட்டுப் பார்க்க மற்றக் காலைத் தொடமாட்டோம். அந்தக் கால் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.