நாலு தலைமுறை இருந்த வீடு

ஜனவரி 9, 2024

காப்பகத்தில், தேயிலை பறிக்கப் போனவர்களின் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சி முடிப்பதற்குள் எஸ்டேட் ஆபீஸிலிருந்து ஆள் வந்துவிட்டது. கிளார்க் கூப்பிடுகிறாராம். அழுகிற கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே போனேன். மார்ச்சோடு என் சர்வீஸ் முடிகிறது. தெரிந்ததுதான். ஏப்ரல் முடிவதற்குள் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்றார். அதுவும் தெரிந்ததுதான். ஆனாலும் திரும்பி வரும்போது காப்பகத்தைத் தாண்டி நடந்துவிட்டேன்.

என் கணவர் மிக்கேல் ஃபேக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ரெண்டு வருஷம் ஆகிறது. மகன் சிஜு மூணாறில் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறான். மகள் ரோஸ்லின் கனடாவில். என் பேரில்தான் இந்த வீடு நின்றுகொண்டிருந்தது. இனி அதுவும் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முன்னறையில் ஒரு பையன், மிக்கேலுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான். ஜிதின் என்று பேர், கோட்டயத்துக்காரன். எஸ்டேட் தொடங்கி நூறு வருஷம் ஆனதற்குக் கம்பெனி கண்காட்சி வைக்கிறதாம், அதற்குப் படமும் கதையும் சேர்க்க வந்திருக்கிறான். ஒரே வீட்டில் நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பம் எங்களுடையதுதானாம், அதுதான் முக்கியமாம். பாதி மலையாளத்தில் சொன்னான்:

“சேச்சி, நிங்ஙளோட குடும்பமாணு நம்ம ஹைலைட்டு.”

மிக்கேலுக்கு வாயெல்லாம் பல். தாத்தா சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்து, போடிமெட்டு ஏறி, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்த கதையை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். எங்கள் கல்யாணப் போட்டோவையும் கழற்றிக் கொடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காலையில் காலி பண்ணச் சொல்கிறார்கள். சாயங்காலம் சுவரில் மாட்ட போட்டோ கேட்கிறார்கள். யாரிடம் போய்ச் சிரிப்பது?

ஜனவரி 11

கிளார்க் சொன்னதை மிக்கேலிடம் சொன்னேன். “பாப்போம்” என்றார். கல்யாணமான நாளிலிருந்து இந்தப் ‘பாப்போம்’தான்.

ஜனவரி 14

ஞாயிறு. பூசை முடிந்து வந்ததும் ரோஸ்லின் கூப்பிட்டாள். அவள் அங்கே ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் நர்ஸ். அந்த ஊருக்கென்று வாரம் ஒரு பேப்பர் வருகிறதாம். அதில் ஒரு பக்கம் முழுக்க ஊர்க்கதை: எந்தக் கடை எந்த வருஷம் திறந்தது, யாருக்குத் தொண்ணூறு வயசு, யாருக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம். ஒரு கிழவர் தன் டிராக்டருக்கு வயசு அறுபது என்று போட்டிருக்கிறார்! இந்த வாரம் ரோஸ்லினும் மாப்பிள்ளையும் அந்த ஊருக்கு வந்து ஐந்து வருஷம் ஆனதைப் போட்டிருக்கிறார்கள். பேத்தி முதல் அடி எடுத்து வைத்ததைக்கூட விடவில்லை. போனில் காட்டினாள். பேரெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

“அஞ்சு வருஷத்துக்கே பேரு போடுறாங்கம்மா” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு எரிச்சல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

ஜனவரி 27

இன்று வீட்டில் பெரிய சண்டை. நடந்தபடி எழுதுகிறேன், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மிக்கேல் சாதாரணமாக ஆரம்பித்தார்.

“நிமியப் பேர் பதியச் சொல்லலாம்.”

“எதுக்கு?”

“எதுக்குன்னா? வீட்டுல ஒரு ஆளு கொழுந்தெடுக்கப் போனா வீடு நம்ம கையில நிக்கும். இங்க எல்லாரும் அதத்தான செய்யிறாங்க?”

நிமி என் மருமகள். சிஜுவைக் கட்டி ஒரு வருஷம் ஆகிறது. மூணாறு காலேஜில் கணக்குப் படித்தவள். தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்று அரசாங்கக் கிளார்க் பரீட்சை ஒன்று வருகிறது, அதற்கு விடிந்ததும் எழுந்து படிக்கிறாள்.

“அவ படிச்ச படிப்பென்ன, நீங்க சொல்ற வேலையென்ன?”

“பரீட்சை எங்க ஓடிப்போவுது? கொழுந்தெடுத்துக்கிட்டே படிக்கட்டும்.”

“கொழுந்தெடுத்துட்டு வந்து நிக்க முடியுமா, ஒக்காந்து படிக்க? ஒங்க அம்மா எப்படி வந்து விழுவாங்கன்னு பாத்தவருதான நீங்க?”

அடுக்களையில் மாவு பிசைகிற சத்தம் நின்றது. எல்லாம் அவள் காதில் விழுகிறது. சிஜு இருக்கிறானே, என் பிள்ளை, கட்டினவன், அவன் வாயைத் திறக்க வேண்டாமா? ஜீப்புக்கு டயர் பார்க்கணும் என்று எழுந்து போய்விட்டான். நீ ஏன் பதியக்கூடாது என்று பின்னாலேயே போய்க் கேட்டேன். “ஜீப்ப விட்டுட்டாம்மா?” என்றான். அவன் ஜீப்பை விடக்கூடாது. அவள் படிப்பை விடலாம்!

பிப்ரவரி 2

மிக்கேலோடு பேச்சுவார்த்தை இல்லை. குழம்பில் உப்பு குறைவு என்பதைச் சிஜுவிடம் சொல்லி அனுப்புகிறார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

பிப்ரவரி 18

பூசை முடிந்து மிக்கேல் கல்லறைக்குப் போனார். நானும் போனேன். அவருடைய அப்பா, அம்மா, பேர் மங்கிப்போன தாத்தா, எல்லாரும் அந்தச் சரிவில்தான்.

“இவங்க இங்க கெடக்காங்க. நான் எங்க போவ, அன்னா?”

மூன்று வாரம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு. குரல் உடைந்தது. அவர் அழுதால் என் கோபம் போய்விடும். போகக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு மட்டும் அந்த வீட்டின்மேல் ஆசையில்லையா? ரெண்டு பிள்ளையும் நடை பழகிய தரை அது. ஆனால் அதற்கு விலையாக இன்னொருத்தி மகளைக் கொடுக்கச் சொன்னால்?

வீட்டுக்கு வந்தால் நிமி வாசலில் காத்திருக்கிறாள்.

“அத்தே, நான் பதிஞ்சுக்கிறேன். என்னால சண்டை வேணாம்.”

எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ. “ஒங்கம்மா முட்டி தேய மலையேறி ஒன்னப் படிக்க வச்சது இதுக்காடி?” என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். அவள் அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். கத்த வேண்டியது அவளிடமா? அவரிடம் கத்த முடியாததை அவளிடம் கத்தினேன். சே.

மார்ச் 2

ஜிதின் காப்பகத்துக்கே வந்துவிட்டான். கண்காட்சிப் பலகை தயாராம், போனில் காட்டினான். மேலே வரிசையாகத் துரைமார், மேனேஜர்மார் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் பேர், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை. அதற்குக் கீழே நாங்கள். என் கல்யாணப் போட்டோ. மாமியார் கூடையோடு நிற்கிற போட்டோ. அடியில் எழுதியிருப்பது: ‘தலைமுறைகளாகத் தேயிலையோடு இணைந்த குடும்பம்.’

“எங்க பேரு எங்க தம்பி?”

“சேச்சி, டிசைனில் ஸ்தலம் இல்லா.”

“அவங்களுக்கு மட்டும் எடம் இருக்கே?”

தலையைச் சொறிந்தான். அச்சுக்குப் போய்விட்டதாம். நல்ல பையன்தான், அவன் என்ன செய்வான்? அந்த ‘அவன் என்ன செய்வான்’தான் என்னைக் கொல்லுகிறது. கிளார்க் என்ன செய்வார், மேனேஜர் என்ன செய்வார், யாரும் எதுவும் செய்ய முடியாது. ஆனால் எல்லாம் நடந்துவிடுகிறது.

மார்ச் 6

இன்று மிக்கேல் நிமியை ஆபீஸுக்குக் கூட்டிப்போனார். என்னிடம் சொல்லவில்லை. நான் காப்பகத்தில் இருந்தேன். மத்தியானம் வந்தபோது நிமி படியில் உட்கார்ந்திருந்தாள். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை.

அவள் சொன்னது இது.

கிளார்க் பேர், வயசு எல்லாம் எழுதிவிட்டு, “படிப்பு?” என்று கேட்டிருக்கிறார். “டிகிரி சார். கணக்கு.” கிளார்க் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம்.

“டிகிரின்னு போட்டா மேல ஒத்துக்க மாட்டாங்கம்மா. ரெண்டு மாசத்துல விட்டுட்டு ஓடிருவான்னு சொல்லுவாங்க. எட்டாவதுன்னு போட்டுக்கிறேன். டிகிரி முடிச்சேன்னு வெளிய யார்கிட்டயும் மூச்சு விடாத.”

“சரி சார்” என்றிருக்கிறாள் நிமி.

“மாமா என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க அத்தே. கிளார்க் எழுதப் போறாரு, ‘எந்திரிம்மா, போவோம்’னுட்டாங்க. அவரு, என்ன மிக்கேல் பதியலையான்னு கேட்டாரு. ‘எம் மருமக எட்டாவது இல்ல சார்’னு சொல்லிட்டு விறுவிறுன்னு நடந்துட்டாங்க. எனக்குப் பின்னால ஓட வேண்டியதாப் போச்சு.”

மிக்கேல் பின்பக்கம் விறகு பிளந்துகொண்டிருந்தார். ஒரு வாரத்துக்குப் போதுமான விறகு ஏற்கெனவே கிடக்கிறது. நான் போய் நின்றேன். நிமிராமலேயே சொன்னார்:

“சரின்னுட்டா அன்னா. ஒரு வார்த்த எதுத்துச் சொல்லல அந்தப் புள்ள. நான் பக்கத்துல ஒக்காந்திருக்கேன்னு சரின்னுட்டா.”

எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. இதை ஜனவரியிலேயே யோசித்திருந்தால் என்ன என்றுதான் முதலில் தோன்றியது. கேட்கவில்லை. பிளந்ததை அடுக்கி வைத்தேன்.

மார்ச் 10

வீடு தேடுகிறோம். மூணாறுக்குக் கீழே பள்ளிவாசல் ஊரில் ஒருவர் கதவைத் திறக்காமலேயே, “எஸ்டேட்காரங்களா? எத்தன பேரு?” என்றார். இன்னொருவர் சுற்றுலாக்காரர்களுக்கு மட்டும்தான் விடுவாராம். நாள் வாடகைக்கு விட்டால் கிடைப்பதை நாங்கள் மாச வாடகையில் கொடுக்க முடியுமா என்று அவரே கேட்டு அவரே சிரித்தார். ஊரில் இருக்கிற அறையெல்லாம் ரெண்டு நாள் தங்க வருகிறவர்களுக்கு. இங்கேயே பிறந்தவர்களுக்கு இல்லை.

மார்ச் 31

ஈஸ்டர். இன்றோடு சர்வீஸ் முடிந்தது. விடுமுறை நாளில் முடிந்ததால் ஆபீஸில் யாரும் இல்லை, வழியனுப்பு விழாவும் இல்லை. நேற்றே காப்பகத்துத் தாய்மார் ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். மாட்ட இனிச் சுவர் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 28

பள்ளிவாசலில் கீழ்த்தெருவில் ஒரு வீடு கிடைத்தது. சிஜு ஜீப்பில் பல நடை சாமான் ஏற்றினான்.

சாவி வாங்க வந்த ஆள் அறை அறையாகப் பார்த்தான். பின்னறைச் சுவரில் விரிசலைக் காட்டி, “இது நீங்க உண்டாக்குனதா?” என்றான். அந்த விரிசலைச் சரிபண்ணச் சொல்லி என் மாமியார் காலத்திலிருந்து ஆபீஸில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! மழைக்கு அதில் துணி அடைப்பதே எனக்கு ஒரு வேலை. வாய்க்கு வந்ததைச் சொல்லப் போனேன். மிக்கேல் முந்திக்கொண்டார்.

“ஆமா தம்பி, நாங்கதான். நாலு தலைமுறையாச் சாஞ்சு சாஞ்சு ஒக்காந்தோம். எழுதிக்க.”

அவன் எழுதாமல் சாவியை வாங்கிக்கொண்டான். ஜீப்பில் ஏறும்வரை மிக்கேல் திரும்பிப் பார்க்கவில்லை. ஏறிய பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ஜூலை 16

மழை நிற்கவே இல்லை. இந்த வீட்டில் எதைத் தொட்டாலும் ஈரம். சுவரில் பூஞ்சை, அரிசியில் வண்டு, காயாத துணி. தண்ணீர் மோட்டார் போடுவதில் வீட்டுக்காரரோடு மிக்கேலுக்குத் தினம் ஒரு தகராறு. பக்கத்துக்காரர்கள் பேசுவதில்லை. லயத்தில் ஒரு தும்மல் போட்டால் நாலு வீட்டிலிருந்து கேட்பார்கள்.

செய்தது சரியா? இன்று பலதடவை கேட்டுக்கொண்டேன். யாராவது ‘சரி’ என்று சொன்னால் தேவலை. ரோஸ்லின் சொல்கிறாள், தூரத்திலிருந்து சொல்வது லேசு.

நிமி அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். அங்கேதான் கொஞ்சம் காய்ந்திருக்கிறது.

அக்டோபர் 5

இன்று நிமிக்குப் பரீட்சை, அடிமாலியில். சனிக்கிழமை சிஜுவுக்குச் சவாரி கொட்டுகிற நாள். கேட்காமலேயே சவாரியை வேண்டாம் என்றுவிட்டு அவளை ஏற்றிக்கொண்டான். மிக்கேலும் தொற்றிக்கொண்டார். அவருக்கு அங்கே என்ன வேலை? “சும்மா, தொணைக்கு.”

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் ஜிதின் போனில் கூப்பிட்டான். தள்ளித் தள்ளிப்போன கண்காட்சிக்கு இன்று திறப்பு விழாவாம்.

“சேச்சி, இன்னு உத்காடனமாணு. மந்திரி வருது. நிங்ஙள் குடும்பத்தோட வரணும், சால்வை போத்தி மரியாதை செய்யும். வண்டி அனுப்பட்டே?”

“வர முடியாது தம்பி. இன்னைக்கு எங்க வீட்டுல பரீட்சை.”

இன்னும் ஏதோ சொன்னான். நல்லபடியா நடத்துங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். கோபமாகச் சொன்னேனா? இல்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். மிளகாய் காயப்போட வெயில் இருந்தது, போட்டேன்.

இருட்டுவதற்குள் வந்துவிட்டார்கள். நிமி முகம் சரியில்லை. மலையாளப் பகுதி கஷ்டமாம், கணக்கில் நேரம் போதவில்லையாம், சிலதை விட்டுவிட்டாளாம். “இந்தத் தடவ கெடைக்காது அத்தே” என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போனாள். சிஜு என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

மிக்கேல் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே திரும்பி, உரக்கக் கேட்டார்:

“அடுத்தது எப்பம்மா வருது?”