வாசலை நோக்கி நின்ற சப்பாத்துகள்

மச்சான்,

இன்று 2007 டிசம்பர் இரண்டாம் திகதி, கிறிஸ்து பிறப்புக்கு முந்திய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. வெளியே பனி. மாலையில் ஒரு கோப்பை வெந்நீரில் வினாகிரி ஊற்றினேன். அந்தப் புளித்த வாசனை எழுந்ததும் நீ வந்து நின்றுவிட்டாய். என் சமையலறைக்குள்ளும் நீதான் முதலில் வரவேண்டுமா?

மொன்ட்ரியால்-நோர் தெருக்களில் பனி உருகக் கொட்டும் உப்பு, பனிச் சப்பாத்துகளில் வெள்ளைக் கறையாக ஏறிவிடும். வினாகிரி நீரால் துடைக்காவிட்டால் தோல் வெடிக்கும். ஆகவே என் வீட்டில் விதி வைத்தேன்: அவரவர் சப்பாத்தை அவரவர் துடைக்க வேண்டும், ஏழு மணிக்கு நான் மணி அடித்ததும் செபத்துக்கு வந்து முழந்தாளிட வேண்டும். சிறு ஒழுங்கைக் கைக்கொள்ளாதவன் ஆண்டவருக்குப் பெரிய காரியம் எதுவும் செய்யமாட்டான் என்பது என் எண்ணம். இன்றும் அதுவே. விதி நல்ல விதிதான், கைக்கொள்ளத்தான் ஆளில்லை.

நீ மேல்மாடியில் மகள் குடும்பத்தோடு இருந்தாய். திருநாள் திகதிகளைக்கூட நினைவில் வைத்திராதவன். இறைச்சி விலக்க வேண்டிய விபூதிப் புதனன்று மறந்துபோய் இறைச்சிக் கறிக்கு வெங்காயம் அரிந்தவன். அப்படியிருந்தும், உன் வீட்டுச் செபம் பாட்டும் சிரிப்புமாக என் தலைக்கு மேலே கேட்கும்.

2004 நவம்பர் இருபத்தெட்டு. அது டிசம்பர் என்று என் மனைவி சாதிப்பாள். இல்லை, அதுவும் திருவருகையின் முதல் ஞாயிறே. மணி அடித்தேன். ஒருவரும் வரவில்லை. டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பொதி ஏற்றும் மகன் வேலை முடிந்து வந்திருக்க வேண்டும், மனைவியையும் காணோம். படியேறி உன் கதவடிக்கு வந்தேன். துடைத்து வைத்த சப்பாத்து வரிசையில், நுனி வாசலை நோக்கியபடி, என் மகனுடையதும் நின்றது. பக்கத்தில் என் மனைவியினுடையது. நீ தரையில் குந்தியிருந்தாய், கையில் வினாகிரி நீரில் நனைத்த துணியோடு.

"வா மச்சான். அடடா, செருப்போடயா வந்த? துடைக்க ஒண்டுமில்லையே."

"வீட்டுக்குப் பெரியவன் செய்யிற வேலையா இது? அவங்க பழகட்டும்."

"பழகுறது நான் மச்சான். கை வேலையில இருந்தாத்தான் என்ட வாய் சும்மா இரிக்கும். முழந்தாளிட முதல் முதுகு வளையோணும்."

உள்ளேயிருந்து என் மனைவி, "இஞ்ச பாருங்க, கதவைச் சாத்திட்டு வாங்க, குளிருது" என்றாள், அது தன் வீடு என்பதுபோல.

நான் கீழே இறங்கித் தனியாகச் செபித்தேன். ஆண்டவர் சீடரின் பாதங்களைக் கழுவிய வாசகத்தைப் பெரிய வியாழன்தோறும் கோவிலில் வாசித்தவன் நான். ஓர் எழுத்தும் பிசகாமல் வாசித்தவன். அதை வீட்டுக்குக் கொண்டுபோனவன் நீ. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இவ்வாண்டு பெப்ரவரி பத்தொன்பதில், விபூதிப் புதனுக்கு இரண்டு நாள் முன்பாக, நீ ஆண்டவரிடம் போனாய். கோடையில் உன் மகள் குடும்பமும் வீடு மாறியது. இனி என் வீட்டார் எனக்கே என்று எண்ணியிருந்தேன். மணி அடித்தால் மனைவி வருவாள். மகனோ களைப்பென்று அறைக் கதவைச் சாத்திக்கொள்வான். அவன் இல்லாத செபத்தில் எனக்குச் சொற்கள் மட்டுமே மிஞ்சின.

இன்று நான் மணியைத் தொடவில்லை. வாசலில் முழந்தாளிட்டு, முறுமுறுத்த முதுகை வளைத்து, மனைவியின் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மகன் வந்தான்.

"அப்பா, என்ன இது? விடுங்க."

"கழற்று."

கழற்றினான். நான் துடைத்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாமா சப்பாத்து நாக்கையும் வெளிய இழுத்து விடுவார், அப்பா. விடிய அவசரத்துக்குக் கால் டக்கெண்டு போகும்."

"உன்ட மாமாவுக்கு வேற வேலை இல்ல."

சிரித்தான். பிறகு தானாகவே வந்து தாயின் பக்கத்தில் முழந்தாளிட்டான். செபம் தொடங்கும்போது ஏழு மணி கடந்து பத்து நிமிடம். மரித்தோருக்கான மன்றாட்டில் உன் பெயர் வந்தபோது அவன் குரல் உரத்து ஒலித்தது. வீட்டாருக்கான மன்றாட்டில் என் பெயருக்கு அவன் குரல் இதுவரை அப்படி உயர்ந்ததில்லை. கவனித்தேன், மச்சான்.

நாளை நாக்கையும் இழுத்து விடுவேன்.